கனடாவிலிருந்து வந்த பனிச்சறுக்கு ஜாக்கெட்டை வீட்டில் துவைத்துவிட்டோம், இனி அது தண்ணீர் தாங்குமா?

அண்ணாச்சி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கால்கரியில் வேலை பார்க்கும் உங்கள் மகன், பனிச்சறுக்குக்குப் போடுகிற ஜாக்கெட்டையும் பேண்டையும் லீவுக்கு வரும்போது பெருமாள்புரத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். காலரெல்லாம் கறுத்துக் கிடக்கிறதே என்று வீட்டம்மா அதை ராத்திரி முழுக்கச் சோப்புத்தூளில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, கடைசி அலசலில் வாசனைக்குக் கண்டிஷனரும் ஊற்றி, மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டார். அப்புறம் ஒரு மழைநாளில் மகன் அதை மாட்டிக்கொண்டு பைக்கில் டவுனுக்குப் போய்வந்தால் உள்ளே சட்டை ஈரம். நாற்பதாயிரம் ரூபாய் உடுப்பு போச்சா, டிரை கிளீனிங் கொடுத்தால் சரியாகுமா, ஸ்பிரே அடிக்கணுமா என்று கேட்கிறீர்கள். யார் தப்பு என்று வீட்டில் ஒரு சண்டை ஓடுவதும் கடைசி வரியில் தெரிகிறது. அந்தச் சண்டையை இன்றைக்கே முடித்துவிடுங்கள். துவைத்தது தப்பில்லை. எதைப் போட்டுத் துவைத்தோம், எவ்வளவு அலசினோம் என்பதில்தான் கோளாறு. அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய கோளாறு.

நான் திருப்பூரில் ஒரு பிராசஸிங் ஆலையில் பினிஷிங் பிரிவில் 14 வருஷம் இருந்தவன். துணிக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஏற்றுவது அங்கே என் வேலைகளில் ஒன்று. இப்போது பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு லாண்டரி. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் இந்த மாதிரி உடுப்புகள் வருஷத்துக்குப் பத்துப் பதினைந்தாவது கடைக்கு வரும். பனிச்சறுக்கு நான் ஒருநாளும் செய்ததில்லை. ஐப்பசி மழையில் நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் பக்கம் இப்படி ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் துணி பற்றிச் சொல்வதை நம்பலாம். பனி பற்றிச் சொல்வதைப் பையனிடம் ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஜாக்கெட்டில் தண்ணீரைச் சமாளிக்கிற வேலையை இரண்டு ஆட்கள் பங்குபோட்டுச் செய்கிறார்கள். ரெண்டு பேரையும் ஒருவராக நினைப்பதால்தான் இத்தனை குழப்பமும். வெளியே தெரிகிற நைலான் அல்லது பாலியஸ்டர் துணியின் இழைமேல் ஒரு பூச்சு இருக்கிறது. சேம்பிலையில் தண்ணீர் எப்படி ஒட்டாமல் உருண்டு ஓடுமோ அப்படி ஓடவைப்பது அந்தப் பூச்சு. அதற்கு உள்பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருப்பது சவ்வு. தண்ணீரை உள்ளே விடாமல் நிஜமாகத் தடுப்பது அதுதான். கோர்டெக்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாப் கோர் என்பவர் 1969இல் ஒரு பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தபோது நுண்ணிய துளைகளோடு நீண்டு கிடைத்த பொருள் அது. துணியாகச் சந்தைக்கு வந்தது 1976இல். துளி நுழைய முடியாத அளவுக்குச் சின்னத் துளை, ஆனால் வியர்வை ஆவி வெளியே போகிற அளவுக்குப் பெரிசு. எல்லா ஜாக்கெட்டிலும் இதே சரக்கு இருக்காது. பாலியூரித்தேன் படலம் ஒட்டியதுதான் சந்தையில் நிறைய. உள்ளே லேபிளில் 20,000 என்று போட்டிருந்தால், 20,000 மில்லிமீட்டர், அதாவது 20 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் அழுத்தினாலும் சவ்வு தாங்கும் என்று கணக்கு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு தாங்குகிற ஒன்று ஒரு ராத்திரி சோப்புத்தூளில் ஊறியதற்காக ஓட்டையாகிவிடாது.

கெட்டுப்போனது வெளிப்பூச்சின் வேலை. அதுவும் பூச்சு கரைந்துபோய்விட்டது என்று அர்த்தமில்லை. சோப்புத்தூளில் அழுக்கை எடுக்கிற பொருளுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். சரியாக அலசாவிட்டால் அது இழைமேல் தங்கி, வருகிற தண்ணீரையெல்லாம் கைநீட்டி இழுத்துக்கொள்ளும். கண்டிஷனர் பங்குக்கு ஒரு மெல்லிய படலமாகப் பூச்சை மூடிவிடும். சேம்பிலைமேல் சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வழியும். இலை ஓட்டையாகவில்லை, மேல்தோல்தான் மறைந்திருக்கிறது. அதுதான் உங்கள் ஜாக்கெட்டுக்கும் நடந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, அப்படியானால் சட்டை எப்படி நனைந்தது? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். வெளித்துணி ஊறிவிட்டால் அந்த ஈரப்படலம் ஆவி வெளியே போகிற வழியை அடைத்துக்கொள்ளும். உள்ளே வியர்வை தண்ணீராகவே நின்றுவிடும். போட்டிருப்பவருக்கு அது மழை உள்ளே இறங்கின மாதிரியே இருக்கும். போதாததற்கு நம் ஊரில் இந்த உடுப்பைச் சோதிப்பதே சரியில்லை. ஆவி வெளியேறுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஈரப்பத வித்தியாசத்தால். கால்கரியில் வெளிக்காற்று பனியில் காய்ந்து கிடக்கும், உடம்புச் சூட்டில் கிளம்பும் ஆவி தன்பாட்டில் வெளியே போகும். மழைநாளில் 28 டிகிரி புழுக்கத்தில், வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது வெளியேயும் அதே ஈரம். எங்கே போகும் அது? புத்தம்புதுசாகவே இருந்தாலும் உங்கள் மகன் கொஞ்சம் நனைந்துதான் வந்திருப்பார். பஞ்சு வைத்த ஜாக்கெட் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டையா வியர்வையா என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு வாளியின் வாய்மேல் ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியை, வெளிப்பக்கம் மேலே இருக்கும்படி குழிவாக விரியுங்கள். அடியில், வாளிக்குள் காய்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள். குழியில் ரெண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். துணி கறுத்து ஊறினாலும் பரவாயில்லை. செய்தித்தாள் காய்ந்திருந்து, லைனிங்கும் விரல்வைத்தால் ஈரமில்லாமல் இருந்தால் சவ்வு நலம். தோள்பட்டைத் தையல், அக்குள் தையல் ஆகிய இடங்களையும் இதேபோலப் பாருங்கள், முதலில் கைவிடுவது அந்த இடங்கள்தான். தையல்மேல் உள்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் எங்காவது உரிந்து தொங்கினால் தண்ணீர் அங்கே இறங்கும்.

வெளிப்பூச்சுக்குத் தனிச் சோதனை. ஆலையில் துணியை 45 டிகிரி சாய்வில் மாட்டி, ஆறு அங்குல உயரத்திலிருந்து 250 மில்லி தண்ணீரை ஷவர் மாதிரித் தெளித்து மதிப்பெண் போடுவோம். எதுவுமே ஒட்டாவிட்டால் 100. மேல்பக்கம் முழுக்க நனைந்துபோனால் 50. வீட்டில் இஸ்திரிப் பலகையைச் சாய்த்து வைத்து, பூச்செடிக்குத் தெளிக்கும் பூவாளியில் ஊற்றினால் போதும். உதறினால் துளி ஓடணும். துணி கறுத்துப்போனால் பூச்சு வேலை செய்யவில்லை. மறுபடி துவைத்த பிறகு இதே சோதனையை அதே இடத்தில் செய்தால்தான் நாம் சாதித்தது என்ன என்று தெரியும்.

இனி மறுதுவைப்பு. பாக்கெட்டில் பனிமலை உச்சிக்கு ஏற்றிவிடும் லிப்டுக்கான பாஸ், சில்லறை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லா ஜிப்பையும் மூடுங்கள், வெல்க்ரோவை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த முள் லைனிங்கைக் கீறும். இந்த உடுப்புக்கென்றே நிக்வாக்ஸ், கிரேஞ்சர்ஸ் என்று திரவங்கள் வருகின்றன, ஆன்லைனில் கிடைக்கும். கைக்கு வர நாளாகும் என்றால், கண்டிஷனரோ பிளீச்சோ கலக்காத சாதா திரவச் சோப்பு, பாட்டிலில் சொன்னதில் பாதி. தூள் வேண்டாம், கட்டிச் சோப்பு வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், லேபிளில் 30 போட்டிருந்தால் 30, 40 போட்டிருந்தால் 40. ஊறவைத்தது போதும், இந்தத் தடவை கால்மணி நேரம் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். துவைகல்லில் அடிப்பது, முறுக்கிப் பிழிவது ரெண்டும் கூடாது.

வாஷிங் மெஷினில் போடலாமா என்றால், முன்பக்கம் கதவுள்ள மெஷினில் மெதுவான சுழற்சியில் போடலாம். மேலே மூடியுள்ள மெஷினில் போடாதீர்கள். தண்ணீர் தாங்கும் துணி பலூன் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிழியும் சுற்றில் அது ஒருபக்கமாகச் சேர்ந்து மெஷினே தூக்கி அடிக்கும். நீர்புகாத துணியைச் சுழற்றிப் பிழியாதே என்று மெஷின் கம்பெனிக்காரர்களே கையேட்டில் போடுகிற எச்சரிக்கை இது. யாரும் படிப்பதில்லை.

என்னைக் கேட்டால், துவைப்பதைவிட அலசுவதற்குத்தான் அதிக நேரம் போகணும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீடு என்றால் கொடுத்துவைத்தவர்கள், மென்மையான தண்ணீர், சோப்பு சீக்கிரம் விட்டுப்போகும். இதுவே வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்து போர்த் தண்ணீர் என்றால் உப்பும் சுண்ணாம்பும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகத் துணியில் உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருப்பவர்கள் கடைசி ரெண்டு அலசலுக்காவது பிடித்துவைத்த மழைத் தண்ணீரையோ நல்ல தண்ணீரையோ பயன்படுத்தலாம். போதுமா என்று கண்டுபிடிக்க என் கடையில் ஒரு சில்லறை வேலை செய்வோம். கடைசியாக அலசின தண்ணீரை ஒரு பாட்டிலில் பாதி பிடித்து, மூடி, நன்றாகக் குலுக்குவோம். நுரை மேலே வளையமாக நின்றால் இன்னொரு அலசல். குலுக்கின உடனே நுரை உடைந்து போகும்வரை விடமாட்டோம். கண்டிஷனர் போட்டுவிட்டு வருகிற ஜாக்கெட்டுக்கு ஆறு ஏழு அலசல்கூட ஆகும்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில், ஹேங்கரில். மொட்டை மாடிச் சித்திரை வெயில் நைலானுக்கு ஆகாது. ஒருநாள் வெயிலால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை, ஆனால் பழக்கமாக்க வேண்டாம்.

காய்ந்த பிறகுதான் முக்கியமான வேலை, நம் ஊரில் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை. இந்தப் பூச்சைச் சூடு காட்டி எழுப்பணும். வாடைக் காற்றுக்குப் படுத்துவிட்ட நெற்பயிரை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சில் தண்ணீரைத் தள்ளும் முனைகள் நிமிர்ந்து நிற்கும்வரைதான் துளி உருளும். துவைப்பதிலும் உரசலிலும் அவை சாய்ந்துவிடும், சூடு பட்டால் மறுபடி நிமிரும். ஆலையில் பூச்சு ஏற்றும்போது, துணியை விரித்துப் பிடித்துச் சூடுகாட்டும் ஸ்டென்டர் மெஷினில் 150 முதல் 170 டிகிரிவரை காட்டுவோம். வீட்டில் அந்தச் சூடு காட்டக்கூடாது, ஜாக்கெட்டில் சவ்வும் பசையும் டேப்பும் இருக்கின்றன. உலர்த்தும் மெஷின் இருந்தால், உடுப்பு காய்ந்த பிறகு மிதமான சூட்டில் 20 நிமிடம். இல்லாவிட்டால் எலக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், நீராவியை நிறுத்தி, ஜாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பருத்தித் துண்டை விரித்து, நகர்த்திக்கொண்டே இருங்கள். லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் 110 டிகிரிக்கு மேல் கூடாது என்று பொருள். படத்தில் பெருக்கல் குறி இருந்தால் பெட்டியே வைக்காதீர்கள்.

தெருமுனையில் கரிப்பெட்டி போடுபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இது நான் கொடுத்த விலை. கடை தொடங்கின புதிதில் ஒரு பனிச்சறுக்குப் பேண்டை, அவசரத்துக்கு, கரிப்பெட்டியில் நானே தேய்த்தேன். துண்டு விரித்துத்தான் தேய்த்தேன். ஒரு இடத்தில் ரெண்டு விநாடி நின்றுவிட்டது. துண்டை எடுத்துப் பார்த்தால் முழங்கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துணி பளபளவென்று, மீன்செதில் மாதிரிச் சுருங்கி நிற்கிறது. பேண்டுக்குப் பணம் கட்டினேன். அந்தத் துண்டு இன்னும் கடையில் இருக்கிறது, புதுப் பையன்களுக்குக் காட்ட.

சூடு காட்டியபின் பூவாளிச் சோதனை. துளி உருண்டால் வேலை முடிந்தது, ஸ்பிரேக்குச் செலவழிக்க வேண்டாம். உருளாவிட்டால்தான் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தோள், மணிக்கட்டு, பேண்டின் உட்காரும் இடம், இங்கேயெல்லாம் முதலில் தேயும். அப்போது தெளிக்கும் வகைப் பூச்சு வாங்குங்கள். தண்ணீரில் கலந்து முக்கும் வகையும் உண்டு, ஆனால் லைனிங்கும் பஞ்சும் உள்ள ஜாக்கெட்டில் அது உள்பக்கமும் ஏறி, வியர்வையை உறிஞ்சவேண்டிய லைனிங்கையும் சேம்பிலையாக்கிவிடும். உடுப்பை மறுபடி அலசி, அந்த ஈரத்தோடு திறந்த இடத்தில் தெளித்து, சில நிமிடம் கழித்து வழிவதைத் துணியால் ஒற்றியெடுங்கள். சூடு காட்டணுமா வேண்டாமா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அதில் போட்டிருப்பதைக் கேளுங்கள். செருப்புக் கடையில் விற்கும் சிலிக்கான் ஸ்பிரே, தார்ப்பாய்க்கு அடிப்பது, இதெல்லாம் வேண்டாம். தண்ணீர் ஒட்டாது, ஆனால் ஆவியும் போகாது. புதுப்பூச்சு எத்தனை நாள் நிற்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. முதுகுப்பை மாட்டித் தோளை உரசிக்கொண்டே இருப்பவருக்குச் சீக்கிரம் போகும்.

டிரை கிளீனிங் வேண்டாம். நானே அந்தத் தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன். அந்தக் கரைப்பானிலும் சோப்புச் சரக்கு கலந்திருக்கும், அது துணியில் தங்கினால் மறுபடி இதே கதை. பெரும்பாலான ஜாக்கெட் லேபிளில், டிரை கிளீனிங்கைக் குறிக்கும் வட்டத்துக்குப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள்.

மீட்க முடியாத நிலை ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடணும். போன வருஷம் ஒரு அக்கா நாலு வருஷம் பீரோவில் பூட்டி வைத்திருந்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். வெளியே புதுசு. உள்ளே கையைவிட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வெள்ளைச் செதில் பொடுகு மாதிரி உதிர்கிறது, டேப் பாம்புச் சட்டையாக உரிந்து வருகிறது. பாலியூரித்தேன் படலம் ஈரப்புழுக்கத்திலும் சூட்டிலும் தானாகவே சிதைந்துபோகும். போடாமல் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒருநாள் திடீரென்று பொடிந்து விழுமே, பல நேரம் அதற்கும் இதுதான் காரணம். இதற்கு எந்தத் திரவமும் மருந்தில்லை. உங்கள் ஜாக்கெட்டின் உள்பக்கம் இப்படி இருந்தால் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். மகன் எதையாவது இங்கே விட்டுவிட்டுப் போவதாக இருந்தாலும், துவைத்து முழுக்கக் காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் இறுக்காமல், காற்றாடுகிற அறையில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் பரண் ஆகாது. பாச்சா உருண்டையும் போடாதீர்கள், நைலானை எந்தப் பூச்சியும் தின்னாது, வாடைதான் மிஞ்சும்.

காலர் கறுப்புக்குக் காரணம் தலையில் வைக்கிற தேங்காய் எண்ணெயும் கழுத்து வியர்வையும்தான். பழைய ஜாக்கெட்டுகளின் வெளித்துணியில் ஏற்றிய ஃபுளோரின் கலந்த பூச்சு எண்ணெயையும் தள்ளும். அந்தச் சரக்கு உடம்புக்கும் தண்ணீருக்கும் கெடுதல் என்று பல நாடுகளில் விலக்கிவருகிறார்கள். கலிபோர்னியாவில் 2025 முதல் புதுத் துணிகளில் தடை. அதற்குப் பதில் வருகிற புதுப்பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. அதனால் புது ஜாக்கெட்டை முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். துவைத்தால் கெட்டுவிடும் என்று ரெண்டு சீசன் அழுக்கோடு போடுகிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். காலரை மட்டும் சோப்புத் திரவம் தொட்ட பழைய டூத்பிரஷ்ஷால் பைய தேய்த்தால் போதும்.

மகன் கிளம்பப் பத்து நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், தாராளம். இறங்கின உடனே மைனஸ் 15 டிகிரியில் அவர் சந்திக்கப்போவது காய்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாளில் பெய்யும் ஈரப்பனிதான் பூச்சு போன உடுப்பைத் தொந்தரவு செய்யும். முதலில் வாளிச் சோதனையைச் செய்துவிட்டு, செய்தித்தாள் நனைந்ததா இல்லையா என்று எழுதுங்கள். நனைந்திருந்தால் தையல் டேப்பை உள்பக்கத்திலிருந்து கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். டேப் மட்டும் உரிந்திருந்தால் அதை மறுபடி ஒட்டலாம், சவ்வே பிரிந்திருக்கிறதா என்பதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.